அப்பா 70, 80களில் எடுத்த நெகட்டிவ்களை டிஜிட்டலாக்க எந்த ஃபிளாட்பெட் ஸ்கேனர் வாங்கலாம்?

முதலில் நெகட்டிவ்களை வெளியே எடுத்து, ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். அந்த அளவு தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும்.

அந்தக் காலத்து நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். அக்ஃபா கிளிக் 3 போன்ற கேமராவில் 120 ரோல் போட்டு எடுத்த கருப்பு வெள்ளைச் சதுரங்கள் ஒன்று. ரோலுக்கு 12 படம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 6 செ.மீ. ஓரத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ பெயர்கூட இருக்கலாம். மற்றது பின்னால் வந்த 35 எம்எம் கலர் நெகட்டிவ்.

சதுர நெகட்டிவ்கள்தான் அதிகம் என்றால் தயங்காமல் ஃபிளாட்பெட் (கண்ணாடி மேல் படுக்க வைத்து ஸ்கேன் செய்யும் வகை) வாங்குங்கள். நான் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 வைத்திருக்கிறேன். பெட்டியில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) என்று போட்டிருக்கும். உண்மையில் அது பிரித்துக் காட்டும் நுணுக்கம் சுமார் 1600 டிபிஐதான். அந்த 1600-லேயே ஒரு 6x6 நெகட்டிவ் 12 மெகாபிக்சல் தரும். ஓரடிச் சதுரத்துக்குப் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டலாம். அதே இயந்திரத்தில் 35 எம்எம் வைத்தால் மூன்றரை மெகாபிக்சல்தான் தேறும். 5x7 பிரிண்டுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அது போதும். 6400-இல் வைத்து 35 எம்எம் ஸ்கேன் செய்தால் ஒரு படம் 300 எம்பியைத் தாண்டும், கூடுதல் விவரம் எதுவும் வராது. 2400 அல்லது 3200-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாமே 35 எம்எம், பெரிய பிரிண்ட் வேண்டும் என்றால் ஃபிளாட்பெட் வேண்டாம் என்றே சொல்வேன். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் போல அதற்கென்றே உள்ள ஸ்கேனர் நல்லது. ஸ்டூடியோ வைத்திருந்த குடும்பமாக இருந்து, ஹாஃப் பிளேட் அளவுக்குப் பெரிய நெகட்டிவ்கள் இருந்தால் வி600-இன் மூடியில் உள்ள விளக்குக்கு அந்த அகலம் கிடையாது. 8x10 அங்குலம் வரை ஒளி பாய்ச்சும் எப்சன் வி850 தேவைப்படும். விலை மிக அதிகம்.

கடையில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. நெகட்டிவுக்கு ஒளி பின்னாலிருந்து ஊடுருவ வேண்டும், அதனால் மூடியிலும் விளக்கு இருக்க வேண்டும். பிரிண்டரோடு சேர்ந்து வரும் பெரும்பாலான ஸ்கேனர்களிலும், கேனன் லைடு 300, 400 போன்ற மெல்லிய ஸ்கேனர்களிலும் அது இல்லை. எத்தனை டிபிஐ சொன்னாலும் அவை காகிதத்துக்குத்தான். பழைய கேனோஸ்கேன் 9000எஃப் கைமாற்றாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் நெகட்டிவ் வைக்கும் ஹோல்டர்கள் கூடவே இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். இன்றைய கணினியோடு ஒத்துவராவிட்டால் வ்யூஸ்கேன் மென்பொருள் கைகொடுக்கும்.

தூசி நீக்கும் ‘டிஜிட்டல் ஐஸ்’ வசதி கலர் நெகட்டிவில் அருமையாக வேலை செய்யும். அகச்சிவப்பு ஒளி கலர்ச் சாயத்தை ஊடுருவும், தூசியில் தடைபடும். அப்படித்தான் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள். அதுவும் ஒளியைத் தடுப்பதால் முகத்தையே தூசி என்று எண்ணி அழித்துவிடும். அதற்கு ஐஸை அணைத்துவிட்டு, ரப்பர் புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் படவே கூடாது, எமல்ஷன் (ஃபிலிமில் படம் பதிந்திருக்கும் பூச்சு) கரைந்து போகலாம்.

சுருண்ட நெகட்டிவ்தான் பெரிய தலைவலி. இந்த ஸ்கேனர்களில் ஃபோகஸ் நிலையானது. ஃபிலிம் கொஞ்சம் வளைந்தாலும் நடுப்பகுதி மங்கும். கனமான புத்தகங்களுக்கு அடியில், சுத்தமான காகிதத்துக்கு நடுவே சில நாள் வைத்தால் ஓரளவு நிமிரும். நேரடியாகக் கண்ணாடியில் படுக்க வைத்தால் எண்ணெய்ப் படலம் போல வளையங்கள் விழும், ஹோல்டரிலேயே வையுங்கள்.

ஸ்கேன் மென்பொருளில் கருப்பு வெள்ளைக்கு 16 பிட் கிரேஸ்கேல், கலருக்கு 48 பிட் என்று வையுங்கள், சேமிப்பது டிஃப் (TIFF) கோப்பாக. படத்தைக் கூர்மையாக்கும் ஸ்கேனரின் ஷார்ப்பனிங்கை அணைத்துவிடுங்கள், அதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

ஸ்கேனர் வரும்வரை காத்திருக்கும்போது ஒவ்வொரு உறையையும் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, அதை நிறுத்த வழியில்லை. அவற்றைத் தனியே பிரித்து, மற்றவற்றோடு ஒட்டாமல் வைத்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.