பக்கத்து வீட்டு ஓக் மரமும் எங்கள் சுவர் விரிசலும்

கேள்வி: லண்டன் ஹாரோவில் சொந்த வீடு. போன கோடையில் பின்அறைச் சுவரில் ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய ஓக் மரம் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், தன் மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார். மரம் வெட்டிப் பராமரிக்கும் தொழில் செய்யும் ஒருவர், "பணம் கட்டுங்கள், மரம்தான் காரணம் என்று கோர்ட்டுக்கே அறிக்கை எழுதித் தருகிறேன்" என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மண்ணைத் தோண்டிப் பார்க்காமலே முடிவைச் சொல்கிறவரின் அறிக்கை உங்கள் வழக்கைக் கெடுத்துவிடும். இங்கிலாந்தின் சிவில் நடைமுறை விதிகள் 35ஆம் பகுதிப்படி நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்கு. கூலி கொடுப்பவருக்கு அல்ல.

லண்டன் களிமண் ஈரம் வற்றினால் சுருங்கும், நனைந்தால் உப்பும். மரம் உறிஞ்சுவதால் வரும் விரிசல் கோடை முடிவில் அகன்று, குளிர்காலத்தில் ஒடுங்கும். கழிவுநீர்க் குழாய் கசிந்தால் பெரும்பாலும் இப்படிப் பருவத்தோடு ஏறி இறங்காது. அதனால்தான் மாதக்கணக்கில் அளவெடுக்கிறார்கள். அத்திவாரத்தின் பக்கத்தில் குழி தோண்டி, கிடைக்கும் வேர் எந்த மரத்தினுடையது என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். குழாயையும் சோதிக்கிறார்கள். நல்ல மர நிபுணர் இதையெல்லாம் கட்டடப் பொறியாளரின் அளவுகளோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார்.

சரி, மரம்தான் காரணம் என்று நிரூபித்தாலும் போதாது. இப்படி நடக்கலாம் என்று மரத்துக்காரர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவரா என்று நீதிமன்றம் கேட்கும். 2013இல் உங்கள் ஹாரோ பகுதி வீடு பற்றிய வழக்கிலேயே, வீட்டை ஒட்டி உயரமாக வளர்ந்த வேலிமரங்களுக்கு அயலவர் பொறுப்பானார். அவருடைய ஓக் மரத்துக்குப் பொறுப்பாகவில்லை; அதனால் சேதம் வரும் என்று அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவர் அல்ல என்றது நீதிமன்றம். ஆகவே இன்றே தேதி போட்டு, படங்களோடு உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்ய அவருக்கு நியாயமான அவகாசமும் கொடுக்க வேண்டும்; 2001இல் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது.

அதற்கும் முன்னால் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். பொதுவாக முதல் 1,000 பவுண்டு உங்கள் தலையில் விழும். ஆனால் குழி தோண்டுவது, அளவெடுப்பது, நிபுணர் வைப்பது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் பாடு. அப்புறம், கோபத்தில் வேலிக்கு மேல் வரும் கிளையை வெட்டிவிடாதீர்கள். மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இருந்தால் கவுன்சில் அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம்.