தபால் பெட்டியா, பார்சல் பெட்டியா? வாசகர் கேள்விகள்

கேள்வி: தனி வீடு. பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். பழைய தபால் பெட்டி துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதற்குப் பதில், ஆள் இல்லாதபோது பார்சலைப் போட்டுவிட்டுப் போகும் பார்சல் பெட்டியே வைத்துவிடலாமா? (வாசகி, தாம்பரம்)

போன மூன்று மாத ஆர்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள். பணம் முன்பே கட்டி, ஓ.டி.பி. கேட்காமல் வந்த பார்சல்களை மட்டும் எண்ணுங்கள். கேஷ் ஆன் டெலிவரியைப் பெட்டியில் போட மாட்டார்கள். போன் மாதிரி விலை கூடிய பொருள் பெரும்பாலும் ஓ.டி.பி.யோடு வரும். பாஸ்போர்ட்டோ உரியவர் கையில் மட்டும்தான். இதையெல்லாம் கழித்த பிறகும் மாதம் நாலைந்து தேறினால் பார்சல் பெட்டி வாங்குங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கி வைக்கச் சொல்வது மலிவு.

தபால் பெட்டி போதுமென்றால் வாயை அளந்து வாங்குங்கள். ஏ4 தாளை மடிக்காமல் போடும் உறை 22.9 செ.மீ. அகலம், 32.4 செ.மீ. நீளம். வாய் 25 செ.மீ. அகலமும் உள்நீளம் 34 செ.மீ.யும் இருந்தால் அது மடங்காமல் போகும். வாயின் உயரம் 3.5 செ.மீ. தாண்ட வேண்டாம், தாண்டினால் சின்னப் பையன் கை உள்ளே போய்விடும்.

கேள்வி: 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' என்று போட்டிருந்த பார்சல் பெட்டியை வாங்கிச் சுவரில் பொருத்திவிட்டேன். ஷூ டப்பாகூட நுழையவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

துளை போட்டுப் பொருத்திய பிறகுதான் ஷூ டப்பாவை வைத்துப் பார்த்தீர்களா? விளம்பரத்தில் இருப்பது வெளி அளவு. இந்த வகைப் பெட்டியில் மேலே ஒரு சுழல் தட்டு இருக்கும். பார்சலை அதில் வைத்து மூடினால் உள்ளே கவிழ்த்துவிடும். வெளியிலிருந்து கைவிட்டு எடுக்க முடியாமல் தடுப்பதும் அதே தட்டுதான். பெட்டி இரண்டடி உயரம் இருக்கலாம், தட்டில் எது அடங்குமோ அதுதான் உள்ளே போகும். கீழே இரண்டு பார்சல் குவிந்துவிட்டால் தட்டு சுழல இடமில்லாமல் நடுவில் நின்றுவிடும். சாதாரண ஷூ டப்பா ஏறக்குறைய 33 × 20 × 12 செ.மீ. உங்கள் தட்டின் அளவு விளம்பரப் பக்கத்தில் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்து நீங்கள் பார்க்கவில்லை என்றால் பணம் போனது போனதுதான். கொடுக்கவே இல்லை என்றால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கதவருகே பார்சல் பெட்டி வைக்கலாமா? (வாசகர், கோவை)

வேண்டாம். செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

கேள்வி: கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. 'எஸ்.எஸ். 304' (எவர்சில்வரில் ஒரு ரகம்) என்று 5,200 ரூபாய்க்கு ஆன்லைனில் பெட்டி வாங்கினேன். ஐந்து மாதத்தில் பழுப்பேறிவிட்டது. கேட்டால், "காந்தம் ஒட்டவில்லையே, 304-தான்" என்கிறார்கள். (வாசகி, நாகப்பட்டினம்)

உங்கள் மேல் தவறில்லை. இந்தக் காந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே ஊரை ஏமாற்றுகிறார்கள். 430 ரகம் காந்தத்தில் ஒட்டும். 304 பொதுவாக ஒட்டாது. இதுவரை சரி. ஆனால் விலை குறைந்த 201, 202 ரகங்களும் ஒட்டாதே! நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த தகடு அது. பளபளப்பிலும் எடையிலும் வித்தியாசமே தெரியாது. உப்புக்காற்று பட்டால்தான் குணம் தெரியும். காந்தத்தை நம்பி நானும் மொட்டைமாடிக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிக் கெட்டிருக்கிறேன்.

ரகம் பார்க்க ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது. பழைய எவர்சில்வர் வாங்கும் கடைகளில் வைத்திருப்பார்கள். தகட்டில் ஒரு சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியால் மின்சாரம் பாய்ச்சினால், மாங்கனீசு கூடிய 200 வரிசைத் தகடு சிவக்கும். அதை வீடியோ எடுங்கள். அவசரப்பட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம்: கடலோரத்தில் கழுவாமல் விட்டால் அசல் 304-இலும் டீக்கறை போலப் படியும். தேய்த்தால் போய்விட்டால் அது வெறும் கறை. குழி விழுந்திருந்தால் சந்தேகப்படுங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் 316 ரகம்தான் நிம்மதி.

200 வரிசைதான் என்று தெரிந்தால், விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கை இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லில் '304' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள்.

கேள்வி: பார்சல் பெட்டியைப் பட்டறையில் கொடுத்துச் செய்யலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும்? (வாசகர், திருச்சி)

18 கேஜ் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு கேளுங்கள், சுமார் 1.2 மி.மீ. இருக்கும். அதைவிட மெல்லிய 24 கேஜை ஸ்க்ரூடிரைவராலேயே நெம்பிவிடலாம். உள்ளே 40 × 35 செ.மீ., உயரம் 60. மேல் தகடு முன்பக்கம் சரிந்து, வாயைத் தாண்டி 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஐப்பசி மழை நேராகப் பெய்வதில்லை, சாய்ந்து அடிக்கும். அடியில் நாலு மூலையிலும் 6 மி.மீ. துளை, உள்ளே 2 செ.மீ. உயர்த்திய பலகை. துளைகளுக்குக் கொசுவலைக் கம்பி வைக்காவிட்டால் குளவி கூடு கட்டும்.

வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். அங்கே ஜிங்க் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். எல்லாத் துளையும் போட்ட பிறகே பவுடர் கோட்டிங். பிறகு துளைத்தால் அந்த விளிம்பில்தான் துரு ஆரம்பிக்கும். பொருத்த 10 மி.மீ. ஆங்கர் போல்ட் நாலு, நட்டு பெட்டிக்குள்ளே வருமாறு. ஹாலோ பிளாக் சுவரில் ஆங்கர் பிடிக்காது; மறுபக்கம்வரை போல்ட் விட்டுப் பட்டை வைத்து முடுக்குங்கள்.

கேள்வி: இன்சுலின் ஆர்டர் செய்கிறேன். பெட்டியில் போடச் சொல்லலாமா? (வாசகர், வேலூர்)

கூடவே கூடாது. அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. வேலூர் வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பு. கையில் வாங்குங்கள்.

கேள்வி: 'பெட்டியில் போட்டாயிற்று' என்று மெசேஜ் வந்தது. பெட்டி காலி. (வாசகி, மதுரை)

டெலிவரி போட்டோ கேளுங்கள். அதில் இருப்பது உங்கள் பெட்டிதானா, மூடியிருக்கிறதா, திறந்தா? போட்டோ இல்லை, ஓ.டி.பி. இல்லை என்றால் ஒப்படைத்ததை நிரூபிக்க வேண்டியது அவர்கள். ஆனால் 'கேட் பக்கம் வைத்துவிடவும்' என்று நீங்களே குறிப்பு எழுதியிருந்தால் உங்கள் வாதம் பாதி அடிபட்டுப்போகும். குறிப்பை இப்படி மாற்றுங்கள்: 'கேட்டுக்கு இடப்பக்கம் பச்சைப் பெட்டி, உள்ளே போட்டு மூடிப் படமெடுக்கவும்.'

கேள்வி: நம்பர் பூட்டா, சாவிப் பூட்டா? (வாசகர், சேலம்)

சாவி. நம்பர் பூட்டு வாங்குகிறவர்களில் பலர் 000-வை மாற்றுவதே இல்லை.