முதல் பொம்மை வீடு: கேள்வி பதில்

கேள்வி (கோத்தகிரி): அக்கா, இந்த வருஷக் கொலுவுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பொம்மை வீடு செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

அளவிலிருந்து. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகமெங்கும் பொம்மை வீடு கட்டுகிறவர்கள் அதிகம் பின்பற்றும் 1:12 அளவு அதுதான். பத்தடி அறை பத்து அங்குலம், ஏழடிக் கதவு ஏழு அங்குலம். நாற்காலியில் உட்காரும் பலகை தரையிலிருந்து ஒன்றரை அங்குலம், மேசை இரண்டரை. ஐந்தரை அங்குலத்தில் வீட்டில் மரப்பாச்சி இருந்தால் அதையே குடியேற்றிவிடலாம். ஆனால் சொப்புச் சாமானை அளந்து பார்க்காமல் உள்ளே வைக்காதீர்கள். இரண்டு அங்குலக் குடம் அந்த மரப்பாச்சிக்கு முழங்காலுக்கு மேல் நிற்கும். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த ஒரு குடம் வீட்டையே பொய்யாக்கிவிடும்.

முதல் வீட்டுக்கு ஒரு அறை போதும். முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். மாடி வேண்டவே வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): எந்தப் பலகை வாங்குவது?

ஆறு மில்லிமீட்டர் பிளைவுட். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வழவழவென்று இருக்கும், அறுக்கவும் சுலபம்; ஆனால் நம் மலை ஈரத்தில் ஓரமெல்லாம் உப்பிவிடும். பழைய டீப்பெட்டிப் பலகை கிடைத்தால் உள்சுவருக்கு அருமையானது.

எந்தப் பலகையானாலும் இரண்டு பக்கமும் பெயின்ட் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால், அடிக்காத பக்கம் ஈரத்தைக் குடித்து விரிந்து, பலகையே வில்லாக வளைந்துவிடும்.

கேள்வி (ஊட்டி): வெள்ளைப் பசை காய்ந்ததும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கை பட்டாலே விட்டுப்போகிறது. பசை போலியா?

இல்லை, குளிர்தான் காரணம். அந்தப் பசை தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள். தண்ணீர் வற்றும்போது துகள்கள் ஒன்றோடொன்று இழைந்து படலமாக வேண்டும். உறைபனி காலத்தில் ஊட்டி வீட்டுத் திண்ணையில் வைத்து ஒட்டினால் அவை இழையாமல் தனித்தனியாகவே காய்ந்துவிடும். வெளுத்ததைச் சுரண்டி எடுங்கள், அதன் மேலேயே மறுபடி பூசாதீர்கள். பலகையையும் பசையையும் முதல் நாள் இரவே சமையலறையில் வைத்துவிட்டு, நல்ல பகலில் ஒட்டுங்கள். சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிக் கட்டி, மறுநாள் வரை தொடாமல் விடுங்கள்.

கேள்வி (அரவங்காடு): தகரக் கூரை எப்படிச் செய்வது?

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது. மளிகைக்கடை அட்டைப்பெட்டியே போதும். அட்டையின் ஒரு பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேல்தாளை மெதுவாக உரியுங்கள். உள்ளே இருக்கும் நெளி அப்படியே தகரத்தின் நெளி. வழக்கமான கூரைத் தகரத்தில் ஒரு நெளிக்கும் அடுத்த நெளிக்கும் மூன்று அங்குலம். பன்னிரண்டில் ஒரு பங்கு ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மெல்லிய ரகப் பெட்டிகளில் நெளி கிட்டத்தட்ட அதே இடைவெளியில்தான் இருக்கிறது.

நன்றாகக் காய்ந்தபின் இரண்டரை அங்குல அகலத் துண்டுகளாக வெட்டி, ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஒரு நெளி ஏறும்படி ஒட்டுங்கள். சாம்பல் நிறம் அடித்து, ஆணி வரும் இடங்களிலும் கீழ் விளிம்பிலும் துருப் போலத் தெரிய ரெட் ஆக்சைடைப் பஞ்சால் தொட்டு வையுங்கள். அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் உண்டு, மறக்க வேண்டாம்.

கேள்வி (வெலிங்டன்): குழந்தை விளையாட்டுக்கு இவ்வளவு கணக்கு தேவையா?

1921 முதல் 1924 வரை இங்கிலாந்து ராணி மேரிக்காக ஒரு பொம்மை வீடு கட்டினார்கள். வடிவமைத்தவர் புது தில்லியைத் திட்டமிட்ட லட்யன்ஸ். அதுவும் 1:12தான். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும். விண்ட்சர் கோட்டையில் இன்றும் இருக்கிறது. தேவைதான்.

கேள்வி (கூடலூர்): எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்று செய்யலாமா, அக்கா? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எங்கள் பாட்டி எஸ்டேட் லைனில்தான் இருந்தார்.

கட்டாயம் செய்யுங்கள். நேர்ச்சுவர், ஒரே சரிவுக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். முதல் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

குன்னூரிலிருந்து மறுப்பு: மலை என்றால் பங்களாதானே அழகு! லைன் வீட்டை யார் பார்ப்பார்கள்?

பங்களா அழகுதான். துருத்திய ஜன்னல், கணப்படுப்பு, புகைபோக்கி, கூரை முகப்பில் மர வேலைப்பாடு, எல்லாவற்றிலும் கோணம் பார்த்து அறுக்க வேண்டும். நான்காவது வீடாகக் கட்டுங்கள். யார் பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள். இந்த மலையில் தேயிலை பறித்தவர்கள் வாழ்ந்த வீடு அது. சுற்றுலாப் படங்களில் பங்களா மட்டும்தான் வருகிறது. நம் கையால் செய்வதிலாவது லைன் வீடு இருக்க வேண்டும்.

அரவங்காட்டிலிருந்து: கஷ்டப்பட்டவர்களின் வீட்டை அலங்காரப் பொருளாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இது யோசிக்க வேண்டிய கேள்வி. அழகுபடுத்தினால் தவறு என்பதே என் எண்ணம். ஜன்னலுக்குச் சரிகைத் திரையும் வாசலுக்கு ரோஜாக் கொடியும் வைத்தால் அது அவர்கள் வீடே இல்லை. அங்கே வாழ்ந்தவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள். அடுப்புக்கு மேல் சுவரில் புகை ஏறிய கறுப்பு எவ்வளவு உயரம்? தண்ணீர் டிரம் கதவுக்கு எந்தப் பக்கம்? காற்றுக்குத் தகரம் பறக்காமல் மேலே கல் வைத்தார்களா? கறுப்புக்கு அடுப்புக்கரியைப் பொடித்து விரலால் மேல்நோக்கித் தேயுங்கள். கீழே அடர்த்தி, மேலே போகப் போக மங்கல். கூடலூர்த் தங்கைக்குப் பாட்டி இருக்கிறார், கேட்க ஆள் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் செய்ய வேண்டாம்.

இன்னும் சிலர் இதையே மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். என் பதில் இதுதான்.

கேள்வி (கேத்தி): மேசை நாற்காலிக்கு மரம்?

உண்ணிச்செடிக் குச்சி. வேகவைத்துத் தோலை உரித்தால் வளைந்து கொடுக்கும். மெல்லிய வேலைக்குத் தென்னை ஈர்க்கு.

கேள்வி (ஊட்டி): தோடர்களின் பூவேலைச் சால்வையான பூத்துக்குளியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போர்வையாக்கலாமா?

வெட்டாதீர்கள். அந்தக் கைவேலை அதற்கெல்லாம் இல்லை. அதன் பூவும் இந்த அளவுக்கு மிகப் பெரிது.

கேள்வி (குன்னூர்): ஒட்டுவதற்கு எந்தப் பசை?

வெள்ளைப் பசைதான்; ஒட்டும் முறையை மேலே ஊட்டிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். பலகை வளைகிறது என்று கேட்ட மூவருக்கும் சேர்த்து: இரண்டு பக்கமும் பெயின்ட்.

கேள்வி (கோத்தகிரி): விளக்கு எரிய வைக்க முடியுமா? பேத்திக்கு மூன்று வயது.

முடியும். வீட்டு மின்சாரத்தை உள்ளே கொண்டுபோகாதீர்கள். செல்போன் சார்ஜரின் ஐந்து வோல்ட்டில், ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) சேர்த்தால் இதமான வெளிச்சம் வரும். பொத்தான் பேட்டரி மட்டும் வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். கடையில் வாங்கிய குட்டி விளக்குகளின் அடியிலும் அது இருக்கும், மூடியைத் திறந்து பாருங்கள். இருந்தால் அந்த விளக்கைப் பேத்தி கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.