தனுஷ்கோடி மண்ணும் நகர்கிறதா? நிலத்தட்டு என்றால் என்ன?

ஆமாம், நகர்கிறது. பூமியின் மேலோடு பல பெரிய பாறைத் துண்டுகளால் ஆனது, அவைதான் நிலத்தட்டுகள். கனத்த கடல்தரை விளிம்பு பூமிக்குள் அமிழும்போது மீதித் தட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. இழுபட்டுப் பிளந்த இடத்தில் கடல் புகும். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தது அப்படித்தான்.

அப்புறம் வடக்கே போன நம் நிலம், ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இரண்டுமே கனம் குறைந்த கண்டப் பாறை, எளிதில் அமிழாது. கோரைப்பாயைச் சுவரோடு தள்ளினால் புடைத்து எழுமே, அப்படி எழுந்ததுதான் இமயமலை. எவரெஸ்ட் உச்சிப் பாறையிலும் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் உண்டு. பாம்பன் கரையில் சிப்பி பொறுக்கி வளர்ந்தவர்களுக்கு இது சிலிர்க்க வைக்கும் செய்தி!

பலர் நினைப்பதுபோல 1964-ல் தனுஷ்கோடி அழிந்தது தட்டு நகர்ந்ததால் அல்ல, புயலால்.