புள்ளிகள் சமமானால் யார் மேலே?

கேள்வி: பல நாட்டுக் கால்பந்து லீக்குகளை வாராவாரம் விடாமல் பார்ப்பவன் நான். சீசன் முடிய 3 சுற்றுதான் பாக்கி. எனக்குப் பிடித்த அணியும் இன்னொரு அணியும் ஒரே புள்ளியில் நிற்கின்றன. ஒரு ஆப்பில் எங்கள் அணி மேலே இருக்கிறது, இன்னொன்றில் கீழே. எதை நம்புவது? அதோடு, அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்க இன்னும் எத்தனை புள்ளி தேவை என்று நானே கணக்குப் போட வழி உண்டா?

பதில்: உங்கள் லீக் எது என்று நீங்கள் எழுதவில்லை. இந்தக் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது. புள்ளிகள் சமமாகும்போது யாரை மேலே வைப்பது என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதி கிடையாது. ஒவ்வொரு லீக்கும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது.

பெரிய பிரிவு இரண்டுதான். இங்கிலாந்து பிரீமியர் லீக், ஜெர்மனியின் புண்டஸ்லிகா போன்றவை முதலில் கோல் வித்தியாசத்தைப் பார்க்கின்றன. அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது அது. அதுவும் சமமென்றால், அதிக கோல் அடித்த அணி மேலே. ஸ்பெயினின் லா லிகா அப்படியில்லை. அந்த இரு அணிகளும் சீசனில் மோதிக்கொண்ட 2 ஆட்டங்களில் யார் கை ஓங்கியிருந்தது என்பதே அங்கு முதல் கேள்வி. மற்ற 18 அணிகளை நீங்கள் எத்தனை கோல் போட்டுத் துவைத்திருந்தாலும் அது அப்புறம்தான்.

2006-07 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டுமே 76 புள்ளி. பார்சிலோனா அடித்தது 78, வாங்கியது 33, வித்தியாசம் 45. ரியல் அடித்தது 66, வாங்கியது 40. வித்தியாசம் வெறும் 26. இங்கிலாந்து விதிப்படி என்றால் பேச்சே இல்லை, கோப்பை பார்சிலோனாவுக்கு. ஆனால் மாட்ரிட்டில் நடந்த ஆட்டத்தில் ரியல் 2-0 என்று ஜெயித்திருந்தது. பார்சிலோனாவில் மெஸ்ஸி ஹாட்ரிக் அடித்தும் ஆட்டம் 3-3 டிரா. நேருக்கு நேர் கணக்கில் ரியல் மேலே, சாம்பியனும் ரியல்தான்.

உங்கள் ஆப் குழப்பத்துக்கு வருவோம். நேருக்கு நேர் விதி உள்ள லீக்கில், அந்த இரு அணிகளும் 2 ஆட்டத்தையும் ஆடி முடித்தால்தான் அந்த விதியைப் பொருத்த முடியும். ஒன்றுதான் முடிந்திருக்கிறது என்றால் அதுவரை கோல் வித்தியாசத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். சில ஆப்புகள் இரண்டாவது ஆட்டம் முடிந்த பிறகும் இதைக் கவனிக்காமல் எல்லா லீக்குக்கும் ஒரே கணக்கை ஓட்டிக்கொண்டிருக்கும். ஆக, உங்கள் லீக்கில் எந்த விதி என்பதைப் பாருங்கள். இரு அணிகளுக்கும் இடையிலான 2 ஆட்டமும் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். எந்த ஆப் சொல்வது சரி என்று அப்போதே தெரிந்துவிடும். சந்தேகமிருந்தால் லீக்கின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள பட்டியலே இறுதி.

இந்த இரண்டு முறைகளில் எது நியாயமானது என்று ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடுவதுண்டு. என்னைக் கேட்டால் கோல் வித்தியாசம்தான். ஆகஸ்டில் அடித்த கோலுக்கும் மே மாதத்தில் அடித்த கோலுக்கும் ஒரே மதிப்பு. கடைசி விசில் வரை கதவு திறந்தே இருக்கும். நேருக்கு நேர் கணக்கு இரண்டாவது ஆட்டத்தோடு உறைந்துபோகிறது. அதற்குப் பிறகு எத்தனை கோல் அடித்தாலும் அதை அசைக்க முடியாது.

அந்த ஒற்றை கோலின் மதிப்புக்கு 2011-12 பிரீமியர் லீக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் இரண்டும் 89 புள்ளி. சிட்டியின் கோல் வித்தியாசம் 64, யுனைடெட்டுக்கு 56. கடைசி நாளில் சிட்டியின் அகுவேரோ 90 நிமிடத்துக்குப் பின் சேர்த்த நிமிடங்களில் அடித்த கோலைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2011 அக்டோபரில் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் சிட்டி 6-1 என்று ஜெயித்திருந்ததே, அதைக் கொஞ்சம் நோண்டிப் பாருங்கள். அன்று அதே வெற்றி 1-0 என்று முடிந்திருந்தால்? சிட்டி அடித்த 93 கோல் 88 ஆகியிருக்கும், வாங்கிய 29 என்பது 28. யுனைடெட் அடித்த 89 கோல் 88 ஆகியிருக்கும், வாங்கிய 33 என்பது 28. புள்ளி, வித்தியாசம், அடித்த கோல், எல்லாமே ஒன்று! அப்போதைய விதிப்படி சாம்பியனைத் தீர்மானிக்கத் தனியாக ஒரு பிளே-ஆஃப் (முடிவுக்கான கூடுதல் ஆட்டம்) வைக்க வேண்டி வந்திருக்கும். இப்போது பிரீமியர் லீக்கில் அதற்கு முன்பே நேருக்கு நேர் முடிவைப் பார்க்கும் ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

விதி மாறினால் சரித்திரமே மாறும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணிதான் சாட்சி. அந்தக் காலத்தில் கழித்தல் கிடையாது, வகுத்தல்தான்: அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து 'கோல் சராசரி' எடுப்பார்கள். 1964-65 கடைசி நாளில் ஹார்ட்ஸ் தன் சொந்த மைதானத்தில் கில்மார்னாக்கிடம் 0-2 என்று தோற்றது. இரண்டும் 50 புள்ளி. ஹார்ட்ஸ் 90 அடித்து 49 வாங்கியிருந்தது, சராசரி 1.84. கில்மார்னாக் 62 அடித்து 33 வாங்கியிருந்தது, சராசரி 1.88. கோப்பை கில்மார்னாக்குக்குப் போனது. கழித்தல் கணக்காக இருந்திருந்தால் 41-க்கு 29 என்று ஹார்ட்ஸ் எங்கோ போயிருக்கும். பிறகு விதி கழித்தலுக்கு மாறியது. 1985-86-ல் மறுபடியும் ஹார்ட்ஸ், மறுபடியும் 50 புள்ளி, எதிரில் செல்டிக். வித்தியாசத்தில் செல்டிக் 29, ஹார்ட்ஸ் 26. இந்த முறை பழைய வகுத்தல் முறை இருந்திருந்தால் ஹார்ட்ஸ் ஜெயித்திருக்கும்! இரண்டு முறையும் விதி தலைகீழாக இருந்திருந்தால் இரண்டு கோப்பை.

இத்தாலி மட்டும் தனி வழி. சீரி ஆ-வில் 2022-23 முதல், முதலிடத்துக்கு இரண்டு அணிகள் சமமானால் ஒரே ஒரு ஆட்டம் வைத்துத் தீர்க்கிறார்கள். 90 நிமிடம் ஆடியும் சமமென்றால் கூடுதல் நேரம் இல்லை, நேராக பெனால்டி. கீழிறங்கும் இடத்துக்கும் இதே மாதிரிதான். அந்த முதல் சீசனிலேயே ஸ்பெசியாவும் வெரோனாவும் 31 புள்ளியில் சமமாக நின்று, தனி ஆட்டத்தில் வெரோனா 3-1 என்று ஜெயித்துத் தப்பியது. மற்ற இடங்களுக்கு அங்கேயும் நேருக்கு நேர் கணக்குதான்.

மூன்று அணிகள் சமமானால் கதை இன்னும் சிக்கல். நேருக்கு நேர் விதியில் அந்த மூன்றுக்கும் மட்டும் ஒரு குட்டிப் பட்டியல் போடுவார்கள். அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். அ அணி ஆ-வை ஒரு முறை ஜெயித்து ஒரு முறை டிரா செய்திருக்கிறது. எனவே இருவர் மட்டும் சமமானால் அ மேலே. ஆனால் ஆ அணி இ-யை இரண்டு முறையும் வீழ்த்தி, இ அணி அ-வை இரண்டு முறையும் வீழ்த்தியிருந்தால்? வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று எண்ணினால் குட்டிப் பட்டியலில் ஆ 7, இ 6, அ 4. இருவர் போட்டியில் ஜெயிக்க வேண்டிய அ, மூவர் போட்டியில் கடைசி. உங்கள் அணி நேருக்கு நேர் கணக்கில் முன்னால் இருக்கிறது என்று நிம்மதியாக உட்காரும் முன், மூன்றாவதாக யாராவது வந்து சேர வாய்ப்பிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. எல்லோரும் செய்வது, எதிரி அணியின் இப்போதைய புள்ளியோடு மீதி ஆட்டம் ஒன்றுக்கு 3 வீதம் கூட்டுவது. அதுதான் அந்த அணி தொடக்கூடிய உச்சம். அதைத் தாண்டிவிட்டால் கவலை இல்லை. இது தப்பில்லை, ஆனால் பெரும்பாலும் தேவைக்கு அதிகமாக பயமுறுத்தும். போட்டியிடும் அணிகள் தங்களுக்குள்ளேயே மோத வேண்டியிருந்தால் இருவரும் உச்சத்தைத் தொட முடியாது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

20 அணிகள், கடைசி 3 கீழே இறங்கும், 3 ஆட்டம் பாக்கி. உங்கள் அணி 16-ஆவது இடத்தில் 36 புள்ளியோடு இருக்கிறது என்று வைப்போம். 17-ஆவது அணி 33, 18-ஆவது அணி 32. அதற்குக் கீழே உள்ள இரண்டும் ஏற்கெனவே இறங்கியாகிவிட்டது. அப்படியானால் 17, 18 ஆகிய இரண்டு அணிகளும் சேர்ந்து உங்களைத் தாண்டினால் மட்டுமே உங்களுக்கு ஆபத்து. உச்சம் 42, 41. மேலோட்டமாகப் பார்த்தால் 42 வந்தால்தான் பாதுகாப்பு, இன்னும் 6 புள்ளி வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டும் இன்னும் ஒருமுறை மோத வேண்டியிருக்கிறது என்றால்? மோதலில் 17-ஆவது அணி ஜெயித்தால் மற்றதன் உச்சம் 38. 18-ஆவது அணி ஜெயித்தால் மற்றதன் உச்சம் 39. டிரா என்றால் 40, 39. எப்படிப் போனாலும் இருவரில் பின்தங்கும் அணி 39-ஐத் தாண்டாது. எனவே உங்களுக்கு 40 போதும். 6 அல்ல, 4 புள்ளி. ஒரு வெற்றி, ஒரு டிரா. 39-ல் நின்றாலும் சமநிலை விதி (புள்ளி சமமானால் பார்க்கும் விதி) உங்கள் பக்கம் இருந்தால் தப்பிக்கலாம். தாளும் பேனாவும் எடுத்து முதலில் மீதி ஆட்ட அட்டவணையைப் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதற்காகத்தான்.

சமநிலை விதியில் முந்தி நிற்கும் அணிக்கு அரைப் புள்ளி அதிகம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுலபம். 2022-23 புண்டஸ்லிகாவின் கடைசி நாள் டார்ட்மண்ட் 2 புள்ளி முன்னால் இருந்தது. ஆனால் கோல் வித்தியாசத்தில் பயர்ன் மியூனிக் எட்டாத தூரத்தில். அதாவது அந்த முன்னிலை உண்மையில் ஒன்றரைப் புள்ளிதான். பயர்ன் ஜெயித்தால் டார்ட்மண்ட்டுக்கு டிரா போதாது. அப்படியே நடந்தது: மைன்ஸோடு 2-2, இருவருக்கும் 71 புள்ளி, கோப்பை பயர்னுக்கு.

சில லீக்குகளின் தனி விதிகள் இந்தக் கணக்கையே புரட்டிப்போடும். ஜெர்மனியில் கடைசி 2 அணிதான் நேராக இறங்கும். 16-ஆவது இடத்துக்கு இரண்டாம் பிரிவு அணியோடு 2 ஆட்ட பிளே-ஆஃப் உண்டு. ஸ்காட்லாந்தில் 33 ஆட்டம் முடிந்ததும் 12 அணிகளை இரண்டு ஆறாகப் பிரித்துவிடுவார்கள். அதன் பிறகு ஏழாவது அணி ஆறாவது அணியைவிட அதிகப் புள்ளி எடுத்தாலும் ஏழிலேயே இருக்க வேண்டும். பட்டியலைப் பார்த்து ஏதோ தப்பு என்று நினைக்காதீர்கள், அது சரிதான். புள்ளி வெட்டும் உண்டு. நிதி விதிகளை மீறியதற்காக 2023 நவம்பரில் இங்கிலாந்தின் எவர்டன் அணிக்கு 10 புள்ளி வெட்டினார்கள், மேல்முறையீட்டில் அது 6 ஆனது, ஏப்ரலில் இன்னொரு 2 போனது. உங்கள் லீக்கில் ஏதாவது அணி மீது இப்படி விசாரணை நடக்கிறதென்றால் நீங்கள் போட்ட கணக்கை பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்ட எண்ணிக்கையும் முக்கியம். தள்ளிவைக்கப்பட்ட ஆட்டம் பாக்கியுள்ள அணியைப் பட்டியலில் கீழே பார்த்து ஏமாற வேண்டாம். கடைசி நாளிலாவது இந்தத் தொல்லை இருக்காது: முக்கியமான லீக்குகளில் அன்று முடிவைப் பாதிக்கும் ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். அன்று நேரலைப் பட்டியல் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்கள் லீக்கின் சமநிலை விதிப்படிதான் வரிசைப்படுத்துகிறதா என்று முந்தைய சுற்றிலேயே சரிபார்த்துவிடுங்கள்.