ஊசியா, டர்ன்டேபிளா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (காவேரிப்பட்டணம் வாசகர்): ரேகா பிளானர் 3 டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) போட்டிருக்கிறேன். தட்டின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் சீறுகிறது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜிஆருக்கு மாறினால் தீருமா?

பதில்: அதே ரெட்டைக் கழற்றி டெக்னிக்ஸில் மாட்டினால் சீறலும் கூடவே குடிபோகும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. தடம் ஓடுகிறது, லேபிள் பக்கம் 21 செ.மீ.தான். அதே 'ஸ' அங்கே பாதி இடத்துக்கும் குறைவாக நெருக்கிப் பதிந்திருக்கும். ரெட்டின் ஊசிமுனைக்கு அந்த நெளிவு சிறியது.

முதலில் செலவில்லாத வேலை. 0.01 கிராம் காட்டும் தராசில் ஊசி அழுத்தம் 1.8 கிராம் இருக்கிறதா பாருங்கள். 'லேசாக வைத்தால் தட்டு தேயாது' என்று குறைப்பவர்கள் உண்டு. ஊசி துள்ளித் தடத்தின் சுவரைக் கெடுப்பதே அப்போதுதான். பிறகு கோணம் பார்க்கும் அளவுத்தாளில், தட்டின் மையத்திலிருந்து 66, 121 மி.மீ. தள்ளியிருக்கும் புள்ளிகளில் கார்ட்ரிட்ஜ் கோட்டோடு நேராக நிற்க வேண்டும். வலது ஸ்பீக்கரில் மட்டும் சீறினால் ஆன்டி-ஸ்கேட்டைக் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) கொஞ்சம் கூட்டுங்கள். பழைய கடையில் வாங்கிய ஒரே தட்டில் மட்டும் சீறினால், தேய்ந்த ஊசி என்றோ கீறிவிட்டது, அதற்கு மருந்தில்லை.

இத்தனைக்கும் தீராவிட்டால், இதே வரிசையில் இன்னும் மெல்லிய ஊசிமுனை உள்ள 2எம் ப்ரான்ஸ். இடைப்பட்ட 2எம் ப்ளூவின் ஊசி ரெட்டின் உடலில் அப்படியே நுழையும். ப்ரான்ஸ் ஊசி நுழையாது, கார்ட்ரிட்ஜையே வாங்க வேண்டும். அழுத்தம் 1.5 கிராம். 2எம் வரிசை உயரமானது, ரேகா ஆர்மில் உயரம் கூட்டும் வசதி கிடையாது. ஆர்மின் அடியில் 2 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டும் துண்டு) கொடுக்காவிட்டால் ஆர்ம் பின்பக்கம் சரிந்தே நிற்கும்.

கேள்வி (தருமபுரி வாசகர்): நம் பக்கம் கிரானைட்டுக்கா பஞ்சம்? டர்ன்டேபிளுக்கு அடியில் ஒரு பலகை போடலாமா?

பதில்: கனமான டெக்னிக்ஸுக்குப் போடலாம். 45×40×3 செ.மீ. கல்லே ஏறக்குறைய 15 கிலோ. டர்ன்டேபிள் இன்னொரு 11.5 கிலோ. ஸ்டாண்டு தாங்குமா பாருங்கள். கல்லைச் சுண்டினால் கிண்ணென்கிறதே, அந்த ஒலி ஊசிக்கும் போகும். அதனால் கல்லுக்கடியில் கெட்டி ரப்பர் வையுங்கள். பிளானர் 3 லேசாகவே செய்யப்பட்டது. அதற்குச் சுவரில் அடித்த மரப்பலகை போதும். எதுவானாலும், நின்றிருக்கும் தட்டில் ஊசியை இறக்கி, வால்யூமைப் பாதியில் வைத்து ஸ்டாண்டை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தொம்' என்றால் அதிர்வு ஏறுகிறது. ஸ்பீக்கரும் அதே ஸ்டாண்டில் இருந்தால் முதல் குற்றவாளி அதுதான்.

கேள்வி (ஊத்தங்கரை வாசகர்): கரண்ட் போய் இன்வெர்டருக்கு மாறினால் பிளானர் 3-இல் சுருதி பிசகுகிறதே?

பதில்: அதன் மோட்டார் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் (விநாடிக்கு 50 அலை) பிடித்துச் சுழல்கிறது. வோல்டேஜ் சற்றுக் குறைந்தால் வேகம் மாறாது. ஹெர்ட்ஸ் பிசகினால் சுருதியும் பிசகும். சதுர அலை இன்வெர்டரில் உறுமலும் சேரும். ரேகா நியோ பவர் சப்ளை தானே ஹெர்ட்ஸை உருவாக்கிக்கொள்ளும். டெக்னிக்ஸில் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் காப்பதால் இந்தத் தொல்லையே இல்லை. அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு இந்த இடத்தில்தான் பேசும்.