தேங்காய் எண்ணெய்க்கு நொதி சேர்க்கலாமா?

கேள்வி: ஊத்தான் மெலிந்தாங் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னை இருக்கிறது. காய்க்கு விலை இல்லாத மாதங்களில் துருவிப் பால் பிழிந்து, இரவு முழுக்க வைத்து எண்ணெய் எடுக்கிறோம். நிறைய எண்ணெய் ஆடையிலேயே நின்றுவிடுகிறது. நொதி (என்சைம்) போட்டால் கூடுதலாக வருமாமே? எதை, எவ்வளவு போடுவது? கட்டுப்படியாகுமா?

பதில்: வரும் ஐயா. ஆனால் எண்ணெய் எங்கே தங்குகிறது என்று பார்க்காமல் நொதி வாங்கினால் பணம் வீண்.

தேங்காயில் எண்ணெய் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளும். ஒன்று பருப்பின் செல்சுவருக்குள். அது சக்கையோடு போய்விடும். இன்னொன்று பாலில். அங்கே எண்ணெய் நுண்ணிய துளிகளாக மிதக்கிறது; ஒவ்வொரு துளியையும் புரதம் தோல் போலச் சுற்றியிருப்பதால் துளிகள் ஒன்று சேர்வதில்லை. உங்கள் குறை ஆடையில்தான். அதனால் புரதத்தை வெட்டும் நொதிதான் வேண்டும்: பப்பாளியின் பப்பேன் அல்லது அன்னாசியின் புரோமிலேன். செல்லுலேஸ் செல்சுவரை உடைப்பது, ஆடைக்கு உதவாது.

முதலில் சின்னதாகச் செய்து பாருங்கள். ஒரே பிழிவுப் பாலை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒவ்வொரு லிட்டர் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும், உணவுத் தரப் பப்பேன் தூள் 1 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். இது தொடக்க அளவுதான். தூளுக்குத் தூள் வீரியம் மாறும், டப்பாவில் உள்ள அளவையும் பாருங்கள். இரண்டு பாட்டிலையும் 50 முதல் 55 பாகை செல்சியஸ் வெந்நீரில் 3 மணி நேரம் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே சூடு இருக்கட்டும். இல்லாவிட்டால் கூடிய எண்ணெய் நொதியால் வந்ததா, சூட்டால் வந்ததா என்று தெரியாது. வெப்பமானி கட்டாயம் வேண்டும். கொதித்தால் நொதி செத்துவிடும். ஆறிப்போனால் வேலை மந்தமாகிப் பால் புளிக்கத் தொடங்கும்.

அப்புறம் அசைக்காமல் விடுங்கள். குளிர்சாதன அறை வேண்டாம், 24 பாகைக்குக் கீழே எண்ணெய் உறையும். மறுநாள் பக்கவாட்டில் பார்த்தால் மேலே தெளிந்த எண்ணெய், நடுவே வெள்ளை ஆடை, அடியில் கலங்கிய நீர் தெரியும். நொதி வேலை செய்திருந்தால் நடு அடுக்கு மெலிந்திருக்கும். இரண்டு எண்ணெயையும் நிறுத்துப் பாருங்கள். கூடுதல் எண்ணெயின் விலை நொதிச் செலவையும் கேஸ் செலவையும் மிஞ்சினால் தொடரலாம்.

வீட்டுப் பப்பாளிக் காயைக் கீறி வடியும் பாலையே ஊற்றலாமே என்று தோன்றும். விற்கிற எண்ணெய்க்கு வேண்டவே வேண்டாம். காய்க்குக் காய் வீரியம் மாறும், கையையும் அரிக்கும், சிலருக்கு ஒவ்வாமை வரும். பல நொதி கலந்த தூள் வாங்கினால் அதில் லிப்பேஸ் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். லிப்பேஸ் எண்ணெயையே உடைத்துச் சோப்பு வாடை ஏற்றிவிடும்.

சக்கையையும் விரலில் அழுத்திப் பாருங்கள். வழவழவென்று ஒட்டினால் வெதுவெதுப்பான நீர் ஊற்றி இரண்டாம் பிழிவு எடுங்கள், போதும். செல்சுவர் நொதியில் மணிக்கணக்காக ஊறவைப்பது பெரிய ஆலைக்குச் சரி, இரண்டு ஏக்கருக்குக் கட்டாது. காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். உள்ளே பூ விழுந்த காயை ஒதுக்குங்கள்; முளை எண்ணெயில் ஒரு பங்கைத் தின்றிருக்கும்.

எடுத்த எண்ணெயில் நீர் தங்கினால் சீக்கிரம் காறிவிடும். தெளியவைத்து வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றுங்கள். ஆடையைச் சமையலுக்கு எடுக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால், நொதி போட்ட ஆடையைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். புரதம் வெட்டுப்பட்டிருப்பதால் அது கசக்கும்.